ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட்

"உங்க பக்கத்துல படுக்கறவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசிய நர்ஸ் சொன்னபோது, கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஒரு கையில் போனும் இன்னொரு கையில் பாதி தேய்த்த லென்ஸுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்னன்னு கேக்கணும் சிஸ்டர்?"

"குறட்டை விடறீங்களா, கதவைச் சாத்தினாலும் வெளிய கேக்குமா, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா. இதெல்லாம் உங்களுக்கே தெரியாதில்ல? அதான் கூட இருக்கறவங்கள கேக்கச் சொல்றோம். மயக்க மருந்து குடுக்கற டாக்டருக்கு இது முக்கியம்."

மற்றதெல்லாம் சுலபம். சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு எடுத்து வர வேண்டும். நகப்பூச்சு கூடாது. ஆடுகிற பல், கட்டின பல் இருந்தால் சொல்ல வேண்டும். ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று விசாரித்து வர வேண்டும். வியாழக்கிழமை காலை உடம்பை முழுக்கப் பரிசோதிப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால், அதற்கு அடுத்த வாரம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன்.

எல்லாம் சரியாக இருந்தால். அந்த மூன்று சொல்தான் அவளுக்கு இடித்தது.

ஒரு தேதி ஏற்கெனவே காய்ச்சலில் போயிருந்தது. அடுத்த தேதிக்குக் காத்திருந்த மாதங்களில் வலி சொல்லாமல் கொள்ளாமல் வந்து போயிற்று. ஒரு தடவை, வாடிக்கையாளர் ஒருவரின் இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டிருந்தவள், விலாவுக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்க, அளவுகோலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், அந்த மனிதர் தன் கண்ணில்தான் ஏதோ பெரிய கோளாறு என்று பயந்து போனார். இந்தத் தேதியும் கை நழுவினால் அடுத்தது எப்போதோ, அதுவரை இன்னும் எத்தனை முறை தரையில் உட்கார வேண்டுமோ.

போன மாதம் கண்ணாடிச் சட்டம் மாற்ற வந்த ஒரு டீச்சரம்மா சொன்னது வேறு நினைவில் குத்தியது. "என் வீட்டுக்காரர் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, இவ தூக்கத்துல மூச்சையே விடமாட்டேங்கறான்னு சொல்லித் தொலைச்சார்மா. அவ்வளவுதான், ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்க."

ஆகவே பதிலை அங்கேயே முடிவு செய்தாள். குறட்டையா? எனக்கா? இல்லவே இல்லை. லென்ஸை மறுபடி சக்கரத்தில் வைத்துத் தேய்த்தாள்.

பதிலை மூட்டை கட்டி வைத்தாயிற்று. கேள்விதான் அடங்கி உட்காரவில்லை. சக்கரத்தின் இரைச்சலோடு அதுவும் சுற்றிச் சுற்றி வந்தது. உண்மையில் நான் எப்படித் தூங்குகிறேன்? தெரிந்தவர் யார்?

ஒருவரும் இல்லை. அவள் கணவர் ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை. அவள் கடைக்குப் போகப் படி இறங்கும் நேரம் அவர் படுக்கப் போவார், அவள் படுக்கும்போது அவர் மாவு பிசைந்துகொண்டிருப்பார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கட்டிலுக்கு ஓய்வே கிடையாது. வார லீவு நாளில்கூட அவருக்கு இரவில் கண் மூடாது, அவளை எழுப்பிவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் டிவியை ஊமையாக ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். விடிகாலையில் வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தத்துக்கே அவளுக்கு விழிப்பு வந்துவிடும். புருவத்தில் மாவோடு அவர் உள்ளே வரும்போது அவள் அடுப்பில் டீ வைத்திருப்பாள். பிறகு அவர் போய், அவள் விட்ட சூட்டில் படுத்துக்கொள்வார். ராத்திரி அவள் படுக்கும்போது தலையணையில் லேசாக ஈஸ்ட் வாசனை வரும். அது அவளுக்குப் பிடிக்கும். அவர் எப்படித் தூங்குவார் என்று அவளுக்கும் தெரியாது. தலையணையின் பள்ளம் மட்டும் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடையிலிருந்து கொண்டுவந்த குட்டி டார்ச்சை எடுத்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்ப்பாராம். அவர் பார்ப்பதற்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆ என்று திறந்தாள். சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்னக் குகை. நடுவே உள்நாக்கு தொங்கியது. நாற்பத்தாறு வருஷமாகத் தன்னோடே இருக்கிற ஒன்றை இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கிறாள். "வணக்கம்" என்று சொல்லப் பார்த்தாள். திறந்த வாயோடு அது வெறும் காற்றாக வந்தது.

"என்ன பண்றே?" என்று வாசலில் அவர் குரல். வேலைக்குக் கிளம்பிச் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பரீட்சைக்குப் படிக்கறேன்."

விஷயத்தைச் சொன்னாள். கழுத்துச் சுற்றளவையும் எடுப்பார்களாம் என்றதும் அவர் உற்சாகமாகத் துணி அளக்கிற டேப்பைத் தேடி எடுத்து அவள் கழுத்தை அளந்தார். பிறகு தன் கழுத்தில் சுற்றிப் பார்த்தார். அவளுடையதைவிடக் கணிசமாக நீண்டது டேப்.

"ஆஹா, இதுல நான்தான் பர்ஸ்ட்!"

"கழுத்தா அது? தோள் மேல தலையை நேரா வெச்சிருக்காங்க உங்களுக்கு."

"சரி, குறட்டைக்கு என்ன பண்ணப் போறே?"

"இல்லைன்னு சொல்லிடப் போறேன்."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். "நிஜமாவே இல்லையா?"

"அதான் தெரியலையே" என்றாள். சொல்லும்போதே, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை பல் வலி போல விண்ணென்று எழுந்தது.

மாடி வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். வாய்க்கு வரி கிடையாது என்று நினைக்கிற நாத்தனார். மறுநாள் மாலை படியேறி மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே அவளிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணி, ஒரு தடவை கல்யாணத்துக்குப் போய் ஒரே ரூம்ல படுத்தோமே, நான் குறட்டை விட்டேனா?"

"அன்னிக்கு ரூம்ல எட்டுப் பேரு. யாரோ லாரி ஓட்டினாங்க. அது நீயா, எங்க சித்தியான்னு இருட்டுல எப்படிம்மா சொல்றது?"

"நெனச்சுப் பாருங்க அண்ணி."

"நெனச்சா எல்லாமே நீதான்னு தோணும், நாத்தனார் புத்தி. போனை ரெக்கார்டுல போட்டுட்டுப் படு, காலையில கேளு. இதுக்குப் போய் பஞ்சாயத்தா?"

அதையும் செய்து பார்த்தாள். காலையில் டீ குடித்துக்கொண்டே இருவரும் கேட்டார்கள். ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு கரகரப்பு. அது தாளம் தப்பாமல் வந்தது.

"ஃபேன்தான் குறட்டை விடுது" என்றார் அவர். "ஃபேனுக்கு வேணும்னா ஆபரேஷன் பண்ணலாம்."

சிரித்தாலும் அவளுக்குள் ஏதோ ஒன்று தவித்தது. கொஞ்ச நாளாகவே எழுந்திருக்கும்போது தொண்டை வறண்டிருக்கிறது, தலை கனக்கிறது. மத்தியானம் சக்கரத்தின் முன்னால் கண் சொருகுகிறது. எல்லாப் பழியையும் கல்லின் மேல் போட்டு வைத்திருந்தாள். கல்லுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போதுதான் யோசிக்கிறாள்.

யோசனை அவருடையதுதான். "வர்ற செவ்வாய்க்கிழமை நீ மத்தியானம் லீவு போடு. என் நேரத்துல நீ தூங்கு. நான் நாற்காலி போட்டுப் பக்கத்துல உக்காந்து பார்க்கறேன். நம்ம கட்டில், நம்ம ரூம், வேற என்ன வேணும்?"

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். அவர் பகலில் தூங்குவதற்காக அவள் கையாலேயே தைத்த கனத்த கறுப்புத் திரை அந்த அறை ஜன்னலில் தொங்கியது. வளையங்கள் சரசரக்க அவர் அதை இழுத்து மூடினார். அறை குப்பென்று இருண்டது. கதவிடுக்கிலிருந்து ஒரு கோடு வெளிச்சம். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி உட்கார்ந்தார்.

"ம். ஆரம்பிக்கலாம்."

"அப்படிச் சொன்னா எப்படித் தூக்கம் வரும்?"

"சரி, ஆரம்பிக்காத. சும்மா கண்ணை மூடு."

அவள் மூடினாள். மூடிய இமைக்குள்ளிருந்தே அவர் பார்ப்பது தெரிந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வாய் திறந்துகொள்ளுமோ என்று உதட்டை இறுக்கினாள். தூங்குகிறவள் உதட்டை இறுக்குவாளா என்று தளர்த்தினாள். யாருக்கும் தெரியாத ஒரு பெண் இத்தனை வருஷமாக இந்தக் கட்டிலில் என் பெயரில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அவளை இன்றைக்கு இவர் பார்க்கப் போகிறார். அவள் அழகாக இருப்பாளா? அசடு வழிவாளா? என்னைப் பற்றி ஏதாவது உளறி வைப்பாளா? இப்படியே நினைப்பு ஓட, தூக்கம் வாசல் வரைகூட வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் பக்கத்து வீட்டில் எதையோ இழுக்கிறார்கள் என்று நினைத்தாள். கண்ணைத் திறந்தாள். கட்டிய கை கட்டியபடி, தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, அவர் தூங்கிப்போயிருந்தார்.

அந்தத் திரையை இழுத்தால் அவர் உடம்பு தூங்கியே தீரும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த வளையங்களின் சரசரப்புதான் அவருக்குத் தாலாட்டு.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு முழங்கையை ஊன்றி எழுந்து அவரைப் பார்த்தாள். நாளெல்லாம் திறந்த கண்களையே பார்த்துப் பழகியவள். மூடிய கண்களை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. இமைக்குக் கீழே விழி எதையோ துரத்திக்கொண்டிருந்தது. காதின் மடிப்பில், கழுவியும் போகாத மாவு ஒரு கோடாக இருந்தது. மீசைக்குக் கீழே மேலுதடு ஒவ்வொரு மூச்சுக்கும் படபடத்தது. இந்த ஆள்தானா, என்று வியந்து வியந்து பார்த்தாள். அவ்வளவு பார்க்க இருந்தது.

சத்தம் ஏறியது, ஏறியது, சட்டென்று நின்றது.

அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. உதடு அசையவில்லை. மார்பு மட்டும் உள்ளுக்குள் எதையோ இழுக்கப் பார்த்துத் தோற்றது. சக்கரத்தில் ஒரு லென்ஸின் விளிம்பு ஒரு பக்கம் தேய்கிற நேரம் ஆகியிருக்கும். அவளும் மூச்சை விட மறந்திருந்தாள். பிறகு, தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவர் போல் ஹக்கென்று ஒரு இழுப்பு, உடம்பே குலுங்க. மறுபடி குறட்டை, ஒன்றுமே நடக்காத மாதிரி.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி நின்றது. அதற்குப் பிறகும் நின்றது. நான்காவது தடவை அவளால் பொறுக்க முடியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க!"

அவர் கண்ணைத் திறந்து, நொடிகூடத் தடுமாறாமல் சொன்னார்: "எழுந்துட்டியா? நல்லாத் தூங்கினே. சத்தமே இல்ல. குழந்தை மாதிரி."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்! நடுவுல ஒரு தடவை கண்ணு சிமிட்டியிருப்பேன், அவ்வளவுதான்."

பொய் சொல்லவில்லை, அவர் நம்பித்தான் சொன்னார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று அன்று மாலை முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவர் பயப்படக் கூடாது என்பதற்காக என்று ஒரு பதில் முதலில் வந்தது. அது நல்ல பதிலாக இருந்ததாலேயே அதன் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் கிளறியதும் அடியில் இருந்தது வெளியே வந்தது. அவளுக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கணவர், சத்தமே இல்லை என்கிறார். அதுவும் மனமார. நீங்கள் பார்க்கவில்லை, தூங்கிவிட்டீர்கள், உங்களுக்கு மூச்சு நின்றது என்று சொன்னால் அந்தச் சாட்சி போய்விடும். தேதியும் போய்விடலாம். வியாழன் தாண்டட்டும், அவர் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு நைசாக ஒரு ஓரத்தில் எடுத்து வைத்திருந்தது. கெட்டிக்கார மனசுதான், என்று நினைத்துக்கொண்டாள். கண்ணில் படாமல் காரியம் பண்ணுகிறது.

வியாழக்கிழமை பரிசோதனை அறையில் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. எடை, உயரம், ரத்த அழுத்தம், ரத்தம். மார்பில் ஒட்டுகளை ஒட்டி ஒரு காகிதத்தில் மேடு பள்ளமாகக் கோடு எடுத்தார்கள். தன் நெஞ்சுக்குள் இப்படி ஒரு கையெழுத்து ஓடுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். போனில் பேசிய அதே நர்ஸ்தான். மாத்திரை அட்டைகளைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், கழுத்தை அளந்தாள்.

"சொன்னேனே, கேட்டுட்டு வந்தீங்களா? குறட்டை, மூச்சு நிக்கறது?"

அவள் வாய் திறப்பதற்குள், கூட வந்திருந்த கணவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். இதற்காகவே சட்டை மடிப்புக் கலையாமல் வந்தவர். "நான் பார்த்தேன் சிஸ்டர். பக்கத்துல உக்காந்தே பார்த்தேன். சத்தமே இல்ல."

"வெரி குட். இப்படித்தான் இருக்கணும் வீட்டுக்காரர்னா." நர்ஸ் பேனாவை எடுத்தாள்.

அவ்வளவுதான். சும்மா இருந்தால் போதும். அடுத்த வாரம் கல் போய்விடும். அவள் அவரைப் பார்த்தாள். பெருமையில் நிமிர்ந்திருந்த அந்தத் தடித்த கழுத்தைப் பார்த்தாள். ஹக்கென்ற அந்த இழுப்பு காதுக்குள் கேட்டது. மயங்கிக் கிடக்கும்போது தனக்கும் அப்படி நின்றால்? வீட்டில் இவருக்கு நின்றபோது உலுக்குவதற்கு அவள் இருந்தாள். உலுக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தானே இவர்கள் கேட்கிறார்கள்?

"அவர் பார்க்கல சிஸ்டர்" என்றாள்.

பேனா நின்றது. "என்ன சொல்றே?" என்றார் அவர்.

"நான் தூங்கவே இல்ல. நீங்கதான் தூங்கினீங்க. நான்தான் உங்களைப் பார்த்தேன்." பிறகு நர்ஸிடம் திரும்பினாள். "எனக்கு எப்படின்னு யாருக்கும் தெரியாது. பார்த்தவங்க இல்ல. ஆனா இவருக்கு மூச்சு நிக்குது. நாலு தடவை பார்த்தேன். அதுக்கு மேல என்னால பார்க்க முடியல."

அவர் காது மடல் சிவந்துவிட்டது. "நானா? கண்ணுதான் சிமிட்டினேன்..."

"ரொம்ப நீளமா சிமிட்டினீங்க" என்றாள் அவள்.

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். திட்டவில்லை. ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்து காட்டினாள். அதிலிருந்து வந்த கம்பியின் நுனியில், துணிக்கு மாட்டுகிற கிளிப் மாதிரி ஒன்று. அதை விரலில் மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி தூங்க வேண்டும். காலையில் கொண்டுவந்து கொடுத்தால் டாக்டர் பார்த்துச் சொல்வார்.

"தேதி தள்ளிப் போகுமா சிஸ்டர்?"

"போனாலும் போகலாம். இப்பவே சொல்ல முடியாதுங்க."

அவள் தலையாட்டினாள். இதுவும் கை நழுவிவிடுமோ என்றிருந்தது. கூடவே எதையோ இறக்கி வைத்தது போலவும் இருந்தது. "இந்தப் பெட்டி ஒண்ணுதான் இருக்கா?"

"ஏன்?"

அவள் அவரைக் காட்டினாள்.

"நான் பேஷண்ட் இல்லையே!" என்றார் அவர்.

"இன்னும் இல்ல" என்றாள் நர்ஸ். "முதல்ல அம்மா முடிக்கட்டும். நீங்க திங்கக்கிழமை காலையில வந்து டாக்டரைப் பாருங்க. சாக்குப் போக்கு சொல்லாம வாங்க."

பஸ்ஸில் பாதி வழி வரை அவர் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார். கோபம் என்று நினைத்தாள். பிறகு திரும்பாமலே மெதுவாகக் கேட்டார்: "எப்படி இருந்தேன்?"

"என்னது?"

"தூங்கும்போது. எப்படி இருந்தேன்னு கேட்டேன்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, தெரிந்துகொள்ளும் ஆசை தனக்கு மட்டும் இல்லை என்று. விழி துரத்தியதை, உதடு படபடத்ததை, காதில் இருந்த மாவை எல்லாம் சொன்னாள். மூச்சு நின்றதையும் சொன்னாள். அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று அவர் கம்பெனிக்குப் போன் செய்து, எதற்கும் லீவு கேட்காதவர், லீவு கேட்டார். அவள் படுத்து விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டதும் அதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையை மட்டும் இழுக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"கவலைப்படாத. இது என் வேலை நேரம். கண்ணு சிமிட்டக்கூட மாட்டேன்."

உதட்டை இறுக்குவதா தளர்த்துவதா என்று அவள் இந்த முறை யோசிக்கவில்லை. தூங்குகிற அந்த இன்னொருத்தி எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் கடைசியாக நினைவிருந்தது.

விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார், கண் சிவக்காமல், தெளிவாக. கையில் டீ.

"சொல்லுங்க" என்றாள், எழுந்து உட்காருவதற்கு முன்னாலேயே.

"குறட்டை இருக்கு" என்றார். "மாவு மிஷின் சும்மா ஓடற மாதிரி. மூச்சு ரெண்டு மூணு தடவை யோசிச்சுது. நிக்கப் போகுதோன்னு நான் எழுந்தேன், உடனே வந்துடுச்சு. அப்புறம், வலது கையைக் கன்னத்துக்கடியில வெச்சுக்கறே. ஒரு தடவை சிரிச்சே."

"சிரிச்சேனா? எதுக்கு?"

"அதை நீதான் சொல்லணும்."

எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சக்கரத்தின் முன்னால் நிற்கும்போது போன் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டாராம். லேசாகத்தான் இருக்கிறதாம், தேதியை மாற்ற வேண்டாம் என்றாராம். ஆனால் ஆபரேஷன் முடிந்த அன்றே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே வைத்து மூச்சைக் கவனிப்பார்கள்.

"கூட யாராவது இருப்பாங்களா? ராத்திரி முழுக்கத் தூங்காம உக்காரணும், முடியுமா?" என்றாள் நர்ஸ்.

கண்ணாடிக்காரிக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்குன்னே ஒருத்தர் இருக்கார் சிஸ்டர். ஜன்னல்ல திரை மட்டும் இருக்கக் கூடாது."